நான் நிறுத்திய பதிவு

இன்று காலை காரியாபட்டியில் மதுரை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது செல்போனில் எச்சரிக்கை வந்தது. சர்வரின் டிஸ்க் தொண்ணூறு சதவீதம் நிரம்பிவிட்டது, உடனே கவனி என்று. வேறு யாருக்காவது வந்திருந்தால் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கவனித்திருப்பார்கள். நான் அவசரமாகச் செல்போனை அணைக்கப் போய், கொதிக்கிற டீ மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. சூடு தாங்காமலா, கோபத்திலா தெரியவில்லை, கண்ணாடி டம்ளரை ஓங்கித் தரையில் அடித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் விளக்குமாறை எடுத்துவந்து கூட்ட ஆரம்பித்தார்.

அந்தச் செய்தியை என்னால் நிறுத்தவும் முடியாது. பிழைப்பு இன்னும் அதுதான். இப்போது மதுரையில் வேறொரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீ போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வார்த்தை எழுத எனக்குத் துப்பில்லை. உன் பெயரை இதில் எங்கும் எழுதப்போவதில்லை. உன் பெயரை ஒரு தாளில் அச்சடித்துக் காட்டித்தான் உன்னைக் கொன்றார்கள்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே அந்த நூல் மில்லில் நீயும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நீ நரிக்குடிக்கு அந்தப் பக்கம், நான் திருச்சுழி. சர்வர் என் பொறுப்பு. அதில் ஓடுகிற மென்பொருளும், மில் முழுக்க ஓடுகிற நெட்வொர்க் வயரும் உன் பொறுப்பு. உன் இடுப்பில் எந்நேரமும் ஒரு கிரிம்பிங் கருவி தொங்கும். வயர் முனையில் பின்னை வைத்து அழுத்துகிற அந்தக் கருவி மில்லில் உன்னிடம் மட்டும்தான் இருந்தது. யார் கேட்டாலும் இரவல் தரமாட்டாய். மாப்பிள்ளைக்கு அரைஞாண் மாதிரி என்று நான் கிண்டல் செய்வேன்.

மில்லின் சகலமும் அந்த ஒரு சர்வரில்தான் ஓடியது. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எந்த லோடு வெளியே போனது, எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது எல்லாம். தான் செய்கிற ஒவ்வொன்றையும் சர்வர் தானே எழுதி வைத்துக்கொள்ளும். அதை லாகு என்போம். இரண்டு லாகு முக்கியமானவை. ஒன்றில், யாருடைய பெயரில் நுழைந்து என்ன வேலை செய்யப்பட்டது என்று இருக்கும். இன்னொன்றில், அந்த வேலை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று இருக்கும். எவ்வளவு எழுதவேண்டும், எத்தனை கோப்பு சேர்ந்தால் பழையதை அழித்துவிட வேண்டும் என்றெல்லாம் சர்வருக்குச் சொல்லிவைப்பது என் வேலை. நமக்குள் நடந்த சண்டையெல்லாம் அதில்தான். ஆறு மாதத்துக்கு எல்லாமே இருக்க வேண்டும் என்பாய். டிஸ்க் உன் மாமனார் வீட்டுக் குதிரா என்று நான் கத்துவேன்.

"ஏலே, என்னைக்கு எது வேணும்னு இன்னைக்கே எப்பிடிலே தெரியும்?" என்று கேட்பாய். பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் மெஷினைத் திறந்து சுத்தம் செய்யும்போது கம்ப்யூட்டரில் அதற்கு நிறுத்தம் போட வேண்டும். அந்த நிறுத்தத்தை யாராவது எடுத்துவிட்டால்தான் மெஷின் ஓடும். ஷிப்ட் பார்க்கிற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்றுதான் நீ அமைத்துக் கொடுத்தாய். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பாஸ்வேர்டை மறந்துவிட்டு, நேரம் காலம் பார்க்காமல் உன்னைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நீ ஏதோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வர, மெஷின் நிற்கிறதே என்று உன்னுடைய பாஸ்வேர்டையே சொல்லிவிட்டாய். மறுநாள் போய்ப் பார்த்தால் ஐந்து கம்ப்யூட்டரிலும் உன் பெயரும் பாஸ்வேர்டும் எழுதி ஒட்டியிருந்தது. நீ அதை மாற்றினாய். மேனேஜர் கூப்பிட்டு, பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, பழையபடி வை என்றார். வைத்தாய். அதன்பிறகு அந்த மில்லில் யார் எந்த மெஷினை விடுவித்தாலும் லாகில் உன் பெயர்தான் விழுந்தது.

நாம் பயந்திருக்க வேண்டும். சிரித்தோம். "மில்லே எம்பேர்லதாம்லே ஓடுது" என்று நீ காலரைத் தூக்கிவிட்டுக் காட்டுவாய். பெயர் ஐந்து பேருக்குப் பொதுவாகிவிட்டாலும், எந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்ல இரண்டாவது லாகு இருக்கிறதே என்ற தைரியம் உனக்கு. அதை நான் பார்த்துக்கொள்வேன் என்ற தைரியம்.

நீ குழந்தைக்கு முடி இறக்க லீவில் போயிருந்த வாரத்தில் டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றது. கேட் திறக்கவில்லை, லோடு லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையாக நின்றன. அரை மணி நேரத்தில் நான் சரிசெய்துவிட்டேன். ஆனாலும் மேனேஜர் என்னை மில்லுக்குள் வரச்சொல்லி, ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில், வேலை செய்கிற பெண்கள் பார்க்கத் திட்டினார். திட்டியது போதாதென்று கைக்கு எட்டிய நூல் கோனை எடுத்து என் மூஞ்சியில் வீசினார். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் வடிந்தது. அவர் மென்னியைப் பிடித்து நெரிக்க வேண்டும் என்று என் பத்து விரலும் துடித்தது. செய்யவில்லை. சர்வர் அறைக்கு வந்து, அதே வெறியோடு, இடத்தை அடைப்பது எது என்று பார்த்தேன். இரண்டாவது லாகுதான் மலைபோல் சேர்ந்திருந்தது. அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த லாகை எழுதச் சொல்லும் வரியில் 'ட்ரூ' என்று இருந்ததை 'ஃபால்ஸ்' என்று மாற்றி, அதை எழுதுவதையே நிறுத்தினேன். சேர்ந்திருந்த பழைய கோப்புகளையும் அழித்தேன். கிழிந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே செய்தேன். அந்த நிமிஷம் மேனேஜரையே அடித்த மாதிரி ஒரு திருப்தி இருந்தது.

நீ லீவு முடிந்து வந்ததும் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை போடுவாய், நீ ஜெயிப்பாய். அதனால் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை ஷிப்டில், பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு யாரோ நான்காம் எண் கார்டிங் மெஷினின் நிறுத்தத்தை எடுத்தார்கள். பாண்டிச்செல்வி அப்போது மெஷினுக்குள் கைவிட்டுக் கழிவுப் பஞ்சை வழித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. மேல்மூடி திறந்திருந்தது. கம்பிப்பல் வைத்த அந்தப் பெரிய சிலிண்டர் சுற்றியதும் கையைப் பிடித்து இழுத்தது, தோள் வரைக்கும் இழுத்தது. அவள் கத்தியது ஆபீஸ் வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போனபோது சத்தம் நின்றிருந்தது. மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளைப் பஞ்சு கொஞ்ச தூரம் சிவப்பாகவே வந்திருந்தது. இரண்டு மூன்று நிமிஷம் கழித்து நீ கிழக்குக் கோடி குடோனிலிருந்து ஓடிவந்தாய். இடுப்பில் தொங்க வேண்டிய கருவி கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, ஆட்களோடு சேர்ந்து அவளை வெளியே எடுத்தாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மத்தியானத்துக்குள் அவள் ஊர்ச்சனம் மொத்தமும் மில் வாசலுக்கு வந்துவிட்டது. கல் பறந்தது. செக்யூரிட்டி அறையின் கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருந்தவருக்குப் புருவம் பிளந்தது. பாண்டிச்செல்வியின் அம்மா கேட்டில் தலையை முட்டி முட்டி அழுதது சர்வர் அறைக்கே கேட்டது. அவள் அண்ணன் கருப்பசாமி, லோடு வண்டி ஓட்டுகிறவன், கேட்டின் மேல் ஏறி நின்று, எந்தங்கச்சியக் கொன்னவன் எவன், அவன வெளிய அனுப்புங்க என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினான்.

மேனேஜர் என்னிடம் லாகு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நேரம், மெஷின் எண், நிறுத்தம் எடுக்கப்பட்டது, உன் பெயர். அவ்வளவுதான் அந்த வரி. அதை ஒரு தாளில் அச்சடித்து, மில்லின் முத்திரை குத்தி, கேட் கம்பிக்கு வெளியே நீட்டினார். எங்கள் மேல் தப்பில்லை, கம்ப்யூட்டரே சொல்கிறது, இந்த ஆள்தான் எடுத்திருக்கிறான் என்றார். ஐந்து பேர் ஒரே பெயரை உபயோகிக்கச் சொன்னவர் அவர்தான். கருப்பசாமி அந்தத் தாளைப் போட்டோ எடுத்தான். சாயங்காலத்துக்குள் அது எல்லோர் போனிலும் இருந்தது.

மறுநாள் காலை நீ என் வீட்டுக்கே வந்துவிட்டாய். தூங்காத கண். நீ அந்த நேரத்தில் குடோனில் தனியாக, பின் தளர்ந்த வயரைச் சரிசெய்துகொண்டிருந்ததாகச் சொன்னாய். பார்த்தவர் யாரும் இல்லை. நீ பதறவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கொடுமை. என்னிடம் இருக்கிறது என்று நம்பித்தான் பதறாமல் வந்திருந்தாய்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தாகன்னு அந்த லாக எடுத்துக் குடுலே. அது போதும் எனக்கு."

எடுத்துத் தருகிறேன் என்றேன்.

இல்லாததை எப்படி எடுத்துத் தருவது? அன்று முழுக்க சர்வரைக் குடைந்தேன், பழைய நகல்களைக் குடைந்தேன். எங்கும் இல்லை. சாயங்காலம் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. சொல்லப்போனால் தெளிந்தது. அது இல்லை என்பது யாருக்கும் தெரிய வேண்டாம், நீ அழித்தாய் என்று தெரிந்தால் கேட்டில் நிற்கிறவர்கள் முதலில் உன்னைத்தான் கிழிப்பார்கள் என்றார். எனக்கும் அதுதான் பயம். கருப்பசாமி கேட்டின் மேல் நின்ற கோலம் கண்ணை விட்டு அகலவில்லை. உன்னை அந்த இடத்தில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். வேறு எந்த வார்த்தையில் சொன்னாலும் பொய்.

நாலு நாள் உன்னை இழுத்தடித்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் தேடுகிறேன், பெரிய கோப்பு, நேரம் எடுக்கிறது என்றேன். ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை, ஈஸ்வரியையும் பிள்ளையையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று மூன்றாம் நாள் சொன்னாய். அப்போதுகூட நீ என்னைச் சந்தேகப்படவில்லை. உனக்கு அந்த அறிவு கிடையாது.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குத் திருச்சுழிக்கு வந்தாய். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றோம். கடைக்குள் மனு எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். போலீஸில் நீயே போய்க் கொடுக்கப்போவதாகவும், அந்த லாகின் அச்சுப்பிரதி ஒன்று போதும் என்றும் சொன்னாய். நான் அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை நீ நம்ப வேண்டாம். நான் அந்த மாதிரி நாலு நாளாகவே இருந்தேன்.

பைக் வந்து நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். கருப்பசாமி தனியாக வந்திருந்தான். சட்டைக்குப் பின்னால் கையை விட்டு அருவாளை உருவினான். கடைக்குள் இருந்தவர்கள் பின்பக்கமாக ஓடினார்கள். நீ ஓடவில்லை. அவன் இடது கையில் போனை நீட்டினான். அந்தத் தாளின் போட்டோ.

"இதுல இருக்கது ஒம்பேருதான?"

"பேரு என்னுதுதான். பண்ணது நான் இல்ல. இந்தா நிக்கான், இவங்கிட்டக் கேளு. எவன் பண்ணான்னு இவங்கிட்ட இருக்கு" என்று என்னைக் கைகாட்டினாய்.

கருப்பசாமி என் பக்கம் திரும்பினான்.

அவன் காத்திருந்தான். எல்லோரும் அவனை வெறிபிடித்தவன் என்று சொல்கிறார்கள். அவன் வெறியோடு வந்தான், உண்மைதான். ஆனால் நீ கைகாட்டியதும் நின்றான். அருவாளைத் தாழ்த்திக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை விநாடி என்று தெரியாது. ரோட்டில் ஒரு பஸ் முழுதாகக் கடந்து போனது. அந்த அருவாள் என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றுமே இல்லை. நான் தலையைக் குனிந்தேன்.

முதல் வெட்டு உன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. விறகு பிளக்கிற சத்தம்தான் கேட்டது. நீ என் சட்டையைப் பிடித்தாய். இரண்டாவது வெட்டு நீ மறைத்த கையில். மூன்றாவதுக்கு ஓங்கியபோதுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது. பாய்ந்து அருவாளின் வாயையே உள்ளங்கையால் பிடித்தேன். அவன் இழுக்க இழுக்க விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்தேன். கீழே தள்ளி, ஜெராக்ஸ் கடை வாசற்படியில் அவன் மண்டையை மோதினேன், யாரோ வந்து என்னைப் பிரிக்கும் வரைக்கும் மோதினேன். நாலு நாள் வாயைத் திறக்காதவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. திரும்பிப் பார்த்தபோது நீ கண்ணைத் திறந்துகொண்டு என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாய்.

உள்ளங்கையில் பதினோரு தையல். அதுதான் என்னைக் காப்பாற்றியது. நண்பனுக்காக வெறுங்கையால் அருவாளைப் பிடித்தவன் என்று ஊரே பேசியது. உன் காரியத்தன்று ஈஸ்வரி எல்லோர் முன்னாலும் என் கட்டுப்போட்ட கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். உன் பிள்ளையைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

நீ போன பதினேழாம் நாள் மில்லுக்குப் போனேன், என் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று. கிளம்புகிற நேரத்தில் குடோன் பக்கம் கால் இழுத்தது. நீ கடைசியாகச் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வயர் முனையில் புதுப் பின். உன் வேலை, அத்தனை நறுவிசு. அந்த வயர் சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போயிற்று. குடோன் வயர்களெல்லாம் வந்து சேர்கிற நெட்வொர்க் பெட்டி. எந்த வயர் எப்போது அறுந்தது, எப்போது சேர்ந்தது என்று அதுவும் தனக்குள் எழுதிவைக்கும். நமக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தப் பெட்டியை ஒரு நாளும் மதித்ததில்லை. நாலு நாளும் சர்வரையே முட்டிக்கொண்டிருந்த எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

லேப்டாப்பை அதில் மாட்டி, அந்தத் தேதிக்குப் போனேன். அது இருந்தது. பத்து மணி ஒன்பது நிமிஷத்துக்கு அந்த வயர் கழற்றப்பட்டிருக்கிறது. பத்து பதினொன்றுக்கு ஒரு முறை சேர்ந்து உடனே விட்டுப்போயிருக்கிறது, பின் சரியாக உட்காரவில்லை. பத்து பதினான்குக்குச் சேர்ந்திருக்கிறது. பத்து பன்னிரண்டுக்கு வயர் உன் கையில் இருந்தது. அந்தக் குடோனுக்கும் ஷிப்ட் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் முழு மில்லும் இருக்கிறது. பஞ்சு மூட்டைகளில் முட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்து எறிய வேண்டும் என்று வெறி வந்து, கையை எடுத்துக்கொண்டேன். அதிலாவது ஒன்றை அழிக்காமல் விட்டேன்.

அதை எடுத்துப் போலீஸில் கொடுத்தேன். பத்து பன்னிரண்டுக்கு யார் நிறுத்தத்தை எடுத்தது என்று ஐந்து பேரையும் விசாரித்தார்கள். ஐந்து பேரும் நான் இல்லை என்றார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றே ஒன்றைத்தான் நான் அழித்துவிட்டேன். ஆனால் நீ இல்லை என்பது உறுதியாயிற்று. மறுபடியும் எனக்குத்தான் பெயர். செத்த பிறகும் நண்பனை விடாமல் காப்பாற்றினான் என்று ஈஸ்வரி ஊரெல்லாம் சொன்னாள். இரண்டரை வருஷம் சொன்னாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு வேட்டி எடுத்துவைத்தாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக் கட்டினேன்.

போன மாதம் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பார்த்த சாட்சி நான். நடந்ததைச் சொன்னேன், பாதியை. அப்புறம் கருப்பசாமியின் வக்கீல் எழுந்தார். இறந்தவர் உங்களைக் கைகாட்டி ஏதோ சொன்னாராமே, என்ன சொன்னார் என்று கேட்டார். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதிரே கருப்பசாமி நின்றான். பாதியாக இளைத்திருந்தான். தவறான ஆளை வெட்டிவிட்டோம் என்று தெரிந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்லக் கேட்டிருந்தேன். நான் அவனைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாகை நிறுத்தியது, அழித்தது, எடுத்துத் தருகிறேன் என்று உன்னிடம் சொன்னது, நாலு நாள், அவன் என் வாயைப் பார்த்து நின்றது, நான் தலையைக் குனிந்தது.

அவன் முதலில் புரியாதவன் மாதிரி நின்றான். அப்புறம் மெதுவாகத்தான் கேட்டான்.

"நின்னேன்லயா அன்னைக்கு? ஒன் வாயப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்?"

நீதிபதி பேசக் கூடாது என்றார். அவன் கூண்டின் கட்டையில் முகத்தைக் கொண்டுபோய் மோதினான். போலீஸ்காரர்கள் இருவர் பிடித்தும் நிற்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. வெளியே இழுத்துப்போகும்போதும் நின்னேன்ல, நின்னேன்ல என்று சொல்லிக்கொண்டே போனான். பின்வரிசையில் அவன் அம்மா, அன்று கேட்டில் முட்டிய தழும்பு நெற்றியில் தெரிய உட்கார்ந்திருந்தாள். மகள் மெஷினில், மகன் ஜெயிலில்.

வெளியே வேப்பமரத்தடியில் ஈஸ்வரி நின்றாள். கன்னத்தைக் காட்டத் தயாராகத்தான் போனேன். அவள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து விரித்து, அந்தத் தழும்பை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தக் குடோன் பொட்டில எழுதியிருந்தது, அவுக உசுரோட இருந்த நாலு நாளும் அதுலதான் இருந்துச்சா அண்ணே?"

இருந்தது என்றேன்.

"அப்ப அவுக சொன்னது நெசந்தான். ஒங்ககிட்டதான் இருந்திருக்கு."

விரித்த உள்ளங்கையில் துப்பிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பொங்கல் வேட்டிகள் மூன்றையும் நேற்று கொண்டுபோய் உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் புத்தி எனக்குத் தெரியும். எனக்குள் மிச்சமிருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ கைகாட்டியபோது சொல்ல வேண்டியது ஒரே வரி. லாகு வேண்டாம், தாள் வேண்டாம், முத்திரை வேண்டாம். அந்த ஒரு வரிக்காகத்தான் அவன் அருவாளைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். இப்போது அது எனக்குத் தடையில்லாமல் வருகிறது. குளிக்கும்போது வருகிறது, சாப்பிடும்போது வருகிறது. இதோ மதுரை பஸ்ஸில் உட்கார்ந்து, இவன் செய்யல, இவன் செய்யல என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.